ஒரு மூச்சு முந்தி

“முதுகுப் பக்கமா நேரா வெட்டுங்க. கழுத்துல ஆரம்பிச்சுக் கீழ வரைக்கும்,” என்றாள் யோலண்டா.

டோரீன் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுக்கையோடு கிடப்பவர்களுக்குச் சட்டை மாட்ட அதுதான் சுலபமான வழி. வெட்டிய துணியை முன்பக்கமாகக் கைகளில் நுழைத்து, ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகிவிட்டால் போதும். சாகப்போகிறவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் யோலண்டாவுக்கு இது அன்றாட வேலை. ஆனால் டோரீன் கையில் இருந்தது வெறும் சட்டை இல்லை, ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹாமர்ஸின் ஜெர்சி. அவள் அப்பா எமில் பவ்லிக் அதை வாஷிங் மெஷினில் போட யாரையும் விட்டதில்லை. பெண்டாட்டியைக்கூட நம்பாமல் தன் கையாலேயே துவைத்துக் காயப்போட்ட துணி அது.

“வெட்டட்டுமாப்பா?”

“வெட்டு,” என்றார் எமில், ஆக்சிஜன் குழாயோடு மல்லுக்கட்டி மூச்சை இழுத்துக்கொண்டு. “அடுத்த சீசனுக்கு நானா போடப் போறேன்?”

யோலண்டா சிரித்துவிட்டாள். டோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சீசனின் கடைசி ஆட்டம். செப்டம்பரில் தொடங்கி ஜனவரி பிறந்துவிட்டது, ஹாமர்ஸ் பெயருக்குக்கூட ஓர் ஆட்டம் ஜெயித்திருக்கவில்லை. எமிலின் நுரையீரலும் ஏறக்குறைய அதே செப்டம்பரில்தான் கைவிரித்தது. ஆயுசு முழுக்க இரும்பு வார்க்கும் ஆலையில் விழுங்கிய தூசி கடைசியில் கணக்கைத் தீர்க்க வந்திருந்தது. ஹாலில் இருந்த சோபாவைத் தூக்கிவிட்டு அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். டிவிக்கு நேராகப் போடச் சொன்னது அவர்தான். ஏரி தெரிகிற ஜன்னல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

“ஒண்ணே ஒண்ணு ஜெயிக்கட்டும். அதைப் பார்த்துட்டேன்னா பாதிரியாரைக் கூப்பிட்டுக்கோ,” என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிரியார் இரண்டு முறை தானாகவே வந்து பார்த்துவிட்டுப் போனார். அணிதான் ஜெயிக்கிற வழியைக் காணோம்.

ஜெயிக்கிற எண்ணமே அதற்கு இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடைசி இடத்தில் நிற்கும் அணிக்குத்தான் வசந்த காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை. அந்த வருஷம் தெற்கே ஒரு கல்லூரியில் ஹாலிஸ்டர் என்று ஒரு பையன் இருந்தான். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக். நூற்றில் ஒருவன் என்றார்கள். அவனுக்காக ஹாமர்ஸ் முதலாளி அக்டோபரிலேயே நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார். மிச்சம் இருந்தவர்களை வைத்து கோச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தார். இன்றும் தோற்றால் ஹாலிஸ்டர் நமக்கு. தப்பித்தவறி ஜெயித்தால் அவன் வேறு ஊருக்கு.

எமில் மட்டும் இதை நம்பவில்லை. “ஆடுறவன் ஜெயிக்கத்தான் ஆடுவான். அடிபட்டிருக்கானுங்க, நேரம் சரியில்ல, அவ்வளவுதான்,” என்பார். அவர் காதுபட யாராவது வேறு மாதிரிப் பேசினால் போச்சு. ஸ்டேடியத்தில் சிலர் வெட்கம் தாங்காமல் மளிகைக்கடைக் காகிதப் பையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை டிவியில் காட்டும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “அப்பன் ஆத்தா இல்லாத பயலுகளா இவனுங்க?”

அந்தப் பைகளில் ஒன்றுக்குள் இருந்தது அவருடைய சொந்த மகன் கர்ட். அவர் நடக்க முடியாமல் போனதும் தன்னுடைய சீசன் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிய மகன். டோரீனுக்கு அது தெரியும். தம்பியைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் கர்ட் சமையலறைக்குள் வந்து, காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த சாஸேஜும் புளித்த முட்டைக்கோஸும் இருந்த பாத்திரத்தைத் தூக்கினான். நாற்பத்தைந்து தாண்டியும் நடையில் இன்னும் பள்ளிக்கூடப் பையனின் துள்ளல் போகவில்லை. சமையலறையை ஒட்டிய கார் ஷெட்டில் ஹீட்டரும் பழைய டிவியும் பீர் பெட்டியுமாக அவனும் அவன் சிநேகிதன் லானியும் கடை விரித்திருந்தார்கள்.

“இன்னிக்கு ஒரு நாளாவது அவர் பக்கத்துல உக்காரக் கூடாதா?” என்றாள் டோரீன்.

“எனக்கு நடிக்க வராது டோரி. ஜெயிச்சுத் தொலைச்சாங்கன்னா ஹாலிஸ்டர் போயிடுவான். அப்புறம் இன்னும் பத்து வருஷம் பையைக் கவுத்துக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்.”

“அவருக்குப் பத்து வருஷம் இல்லடா.”

கர்ட் பாத்திரத்தை இறக்கி வைத்தான். அவனுக்கு அப்பா மேல் பாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முந்தின ராத்திரி முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டவன் அவன்தான்.

“தெரியும். அதனாலதான் உள்ள வரல. அங்க வந்து நம்மாளுங்க எல்லையைத் தொட்டு நான் ‘ஐயோ’ன்னேன்னா அவர் மூஞ்சி எப்படியிருக்கும்? நாங்க ஷெட்லயே கிடக்கறோம். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

“கத்தாம இருங்க, போதும்.”

“அதெல்லாம் பாத்துக்கலாம். எங்க டிவிதான் இன்னிக்கு ராஜா. நானே கூரை மேல ஏறி ஆன்டெனா வச்சேன். இந்தத் தெருவுல அத்தனை பேரும் கேபிளுக்கு அழுறீங்க, உங்களுக்கு வர்றதுக்கு ஒரு மூச்சு முந்தியே எங்களுக்கு வந்துடும் தெரியுமா? உள்ள அவன் பந்தைக் கையில எடுக்கறப்போ இங்க ஆட்டம் முடிஞ்சிருக்கும்.” பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனான். தம்பி பெருமை பீற்றிக்கொள்வதைக் காதில் வாங்காமல் இருப்பது டோரீனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம்.

அவள் ஷெட்டுக் கதவைச் சாத்தப் போனபோது ஹாலிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

“திறந்தே இருக்கட்டும்மா. பையன் சத்தம் கேக்கட்டும். கூட உக்காந்து பாக்கற மாதிரி இருக்கும்.”

குளிர்காற்று உள்ளே வருமே என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அவள் கதவைத் திறந்து வைத்தாள்.

விதியைப் பாருங்கள், அன்றைக்கென்று பார்த்து ஹாமர்ஸ் ஆடியது. எதிரணி வேறு அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தேறிவிட்டதால் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. ஹாமர்ஸின் குவார்ட்டர்பேக் வேறு வேலை கிடைக்காமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு ஆட்டக்காரன். அவனுக்கும் அது கடைசி ஆட்டம் போலும், உயிரைக் கொடுத்து எறிந்தான். ஹாமர்ஸ் முதல் முறை எல்லையைத் தொட்டபோது எமில் இரண்டு விரலைப் போர்வைக்கு மேலே தூக்கினார். அவரால் முடிந்த கொண்டாட்டம் அதுதான்.

“அவனுங்க ஏன் சத்தமே போடல?” என்றார் ஷெட் பக்கம் பார்த்து.

“பதட்டத்துல இருக்காங்கப்பா. சத்தமே வரல.”

“நல்லது. பதட்டப்படட்டும்.” திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைப் பார்த்து அவ்வளவு சரளமாகப் பொய் வந்தது டோரீனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசிக் கால் பகுதியில் ஹாமர்ஸ் நான்கு புள்ளி முன்னால் இருந்தது. அவர் முழுசாக விழித்திருந்தார். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. யோலண்டா நாடியைப் பார்த்துவிட்டு, “இவருக்கு மருந்து வேண்டாம், இந்த அணி போதும்,” என்று சொல்லி, வேறொரு வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவதாகக் கிளம்பினாள். அப்போதுதான் கோச் அந்தக் கிழட்டு ஆட்டக்காரனை வெளியே அழைத்தார். அவன் இடத்தில் ஒரு புதுப் பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினான்.

“ஏன் அவனை எடுக்கறானுங்க?”

“தோள்ல அடியாம்ப்பா. டிவியில சொல்றாங்க.”

“அவன் தோளு நல்லாத்தான் இருக்கு. நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.” வெளியே வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடிப்பதை டிவி காட்டியது. அடித்தது, அடிபட்டதாகச் சொன்ன அதே கை. எமில் அதையும் பார்த்தார்.

இருந்தாலும் ஆட்டம் கைநழுவவில்லை. கடைசி நிமிஷம். பந்து ஹாமர்ஸ் கையில். எதிரணியால் கடிகாரத்தை நிறுத்த முடியாது. பந்தை வாங்கிக்கொண்டு அந்தப் பையன் ஒரு முறை மண்டியிட்டால் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் அது.

“மண்டி போடுடா,” என்றார் எமில். டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாத கை. “மண்டி போடு. அவ்வளவுதான். போட்டுட்டேன்னா முடிஞ்சுது.”

டிவியில் பதினோரு பேரும் குனிந்து வரிசையில் நின்றார்கள். பந்து இன்னும் தரையில்தான் இருந்தது.

அந்த நேரத்தில் ஷெட்டிலிருந்து சத்தம் வெடித்தது. தகர மேஜையில் கையால் அடிக்கிற சத்தம், விசில், “அப்படிப் போடு!” என்று லானி, எல்லாவற்றுக்கும் மேலே கர்ட்டின் குரல், தொண்டை கிழிய, சின்ன வயசில் அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்து கத்திய அதே மாதிரி.

எமிலின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அம்மா உயிரோடு இருந்த காலத்தில்தான் டோரீன் பார்த்திருக்கிறாள்.

“ஜெயிச்சாச்சு,” என்றார். “கேக்குதா? பையன் கத்தறான். ஜெயிச்சாச்சும்மா.”

ஒரு மூச்சு முந்தியே ஷெட்டில் கத்துகிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று டோரீனுக்குத் தெரியும். கையை உதறிக்கொண்டு ரிமோட்டைத் தேடினாள். தலையணைக்கு அடியில் இல்லை, போர்வை மடிப்பில் இல்லை. டிவிக்குக் குறுக்கே போய் நின்றுவிடலாம் என்று எழுந்தாள்.

அதற்குள் டிவியில் அந்தப் பையன் பந்தை வாங்கினான். மண்டி போடவில்லை. கோச் சொன்னபடியோ என்னவோ, பக்கத்தில் ஓடியவன் வயிற்றில் திணிக்கப் பார்த்தான். பந்து நழுவித் தரையில் உருண்டது. எதிரணிக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு, துரத்த ஆளே இல்லாமல், மைதானம் முழுக்க ஓடி ஹாமர்ஸின் எல்லையைத் தொட்டான்.

ஷெட்டில் சத்தம் இன்னும் ஓயவில்லை.

எமில் டிவியைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தார். சிரித்த வாய் இன்னும் மூடவில்லை, கண் மட்டும் புரிந்துகொண்டிருந்தது. ஆலையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், முட்டாள் இல்லை.

“அது கர்ட்தானே?” என்றார்.

“ஆமாப்பா.”

“உனக்குத் தெரியுமா?”

இதற்கும் பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. “தெரியும்ப்பா.”

“எல்லாருக்குமா?”

அவள் ஆம் என்று தலையை ஆட்டினாள். எமில் ‘சரி’ என்பதுபோல் கையை லேசாக அசைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கர்ட் முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு உள்ளே வந்தான். பீர் வாசனை வந்தது. “போச்சுப்பா. பாவிங்க, கடைசி நிமிஷத்துல. விடுங்க, அடுத்த வருஷம் ஒருத்தன் வர்றான் பாருங்க,” என்று அவர் தோளைத் தடவினான். எமில் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறார் என்று அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனான். தூங்கவில்லை என்று டோரீனுக்குத் தெரியும். தூங்குகிறவர்கள் பல்லைக் கடிப்பதில்லை.

இருட்டும் நேரத்தில் மூச்சு மாறியது. யோலண்டா வந்து பார்த்துவிட்டு, “கூப்பிடறவங்களைக் கூப்பிடுங்க,” என்றாள். பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் வைத்தார். கர்ட் காலடியில் மண்டியிட்டு, “அப்பா, நான் இங்கதான் இருக்கேன்,” என்று சொல்லிச் சொல்லி அழுதான். எமில் சுவரைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். யோலண்டாதான் தலையை மெல்ல நேராக்கினாள்.

வியாழக்கிழமை அடக்கம். பூசை முடிந்ததும் கர்ட் முன்னால் போய்ப் பேசினான். நன்றாகத்தான் பேசினான், இரண்டு இடத்தில் சிரிப்புகூட வந்தது. “எங்கப்பா கடைசி ஆட்டத்தை நம்ம ஜெர்சி போட்டுக்கிட்டுப் பார்த்தாரு,” என்றான். “அவர் காதுல கடைசியா விழுந்தது நாங்க போட்ட சத்தம்தான். அதைவிட ஒரு மனுஷனுக்கு வேற என்ன வேணும்?”

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டோரீன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். துக்கம் இல்லை, ஆத்திரம். அந்தக் கோச்சும் முதலாளியும் செய்ததை அவள் மன்னித்துவிடுவாள், அவர்கள் யாரோ. இவன் பெற்ற பிள்ளை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அது கைநழுவியதற்கு அவர் காதுபடவே கைதட்டியவன். கதவைத் திறந்து வைத்தவள் என்று தன் மேலும் ஆத்திரம் வந்தது, ஆனால் அவன் மேல் வந்த அளவுக்கு இல்லை. எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சவப்பெட்டியைப் பார்த்து அடங்கினாள்.

கல்லறையிலிருந்து திரும்பி எல்லோரும் கோயிலின் நிலவறைக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் சிக்கன் சூப்பும். டோரீனுக்கு எதிரே கர்ட், அவன் பக்கத்தில் லானி. டோரீனை ஒட்டி, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெர்னிஸ். எமிலுக்குச் சமவயது. ஹாமர்ஸ் பைத்தியத்திலும் சமம்.

லானியின் போன் முதலில் ஒலித்தது. பிறகு கூடம் முழுக்க ஆங்காங்கே.

“இல்ல,” என்றான் லானி. “இல்ல, இல்ல. அநியாயம்டா.”

“என்னாச்சு?”

“ஹாலிஸ்டர் வரலியாம். இன்னும் ஒரு வருஷம் காலேஜ்லயே ஆடப் போறானாம். இப்பதான் அறிவிச்சிருக்கான்.”

கர்ட் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தான். “ஒரு சீசன் முழுக்க,” என்றான். “மானம் மரியாதையை விட்டுக் காத்துக்கிட்டிருந்தோமே. நம்ம எல்லாரையும் கேனப் பயலுகளாக்கிட்டான். இப்படியுமா ஒருத்தன் துரோகம் பண்ணுவான், டோரி?”



“ஓஹோ, இதுக்காகவா அன்னிக்கி அந்தக் கத்து கத்தினீங்க?” என்றாள் பெர்னிஸ், கொழுக்கட்டையை வெட்டிக்கொண்டே. “என் பாவத்தைக் கட்டிக்கிட்டீங்கடா. என் டிவியில அவனுங்க இன்னும் குனிஞ்சு நிக்கிறானுங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க கூப்பாடு. நான் ஜெயிச்சுட்டோம்னு நினைச்சு எழுந்து நின்னு சிலுவையே போட்டுக்கிட்டேன். கர்த்தரேன்னு நிமிர்ந்து பார்த்தா, பந்து உருண்டு ஓடுது!”

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. லானி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “எங்க ஆன்டெனா அப்படி!” என்றான். கர்ட்டும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சூப் கிண்ணத்தை நகர்த்தினான். நகர்த்திய கை பாதியில் நின்றது.

அவன் பெர்னிஸைப் பார்த்தான். பிறகு டோரீனைப் பார்த்தான்.

“உள்ள,” என்றான். உதட்டை நனைத்துக்கொண்டான். “அவர் முழிச்சிருந்தாரா, டோரி?”

நான்கு நாளாக அவள் நெஞ்சில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்த வார்த்தைகள் ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். கண்ணை எடுக்கவில்லை.

கர்ட் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை எடுத்து நிறுத்தக்கூட இல்லாமல் படியேறிப் போனான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?” என்றாள் பெர்னிஸ் கலவரமாக. “வெளிய பனி கொட்டுது, கோட்டு இல்லாமப் போறான் பாரு. கொண்டு போய்க் குடும்மா.”

டோரீன் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டாள். படிப் பக்கம் போனவள், நிலவறை ஜன்னலருகே நின்றாள். அது வெளியே தரையோடு தரையாக இருக்கும் ஜன்னல். அதன் வழியே அவனுடைய கறுப்புப் பூட்ஸ் மட்டும் தெரிந்தது, ஒன்றோடொன்று ஒட்டி, கோயில் சுவரைப் பார்த்தபடி. அவள் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். பூட்ஸின் மேல் பனி விழுந்து, முதலில் முனை மறைந்தது, பிறகு லேஸும் மறைந்தது.